இரண்டும் சேர்ந்துதான் வரும்

பத்மாவதி மாமியிடம் ஒரு கதை இருந்தது. வேறு கதைகளும் இருந்திருக்கலாம். ஆனால் மாமி சொல்வது அந்த ஒன்றைத்தான்.

பிறந்தநாளுக்கும் சொல்வார். தைப்பொங்கலுக்கும் சொல்வார். மின்சாரம் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கிவிடுவார்.

தனுசியாவுக்கு வயது பத்து. அவளுடைய அண்ணன் நிருஷனுக்குப் பதின்மூன்று. மாமி அவர்களின் அப்பாவுக்கு மூத்த அக்கா. மானிப்பாயில் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆகவே இரண்டு பேருக்கும் அந்தக் கதை தலைகீழாகப் பாடம்.

"அண்டைக்கு நல்ல மழை," என்று மாமி தொடங்குவார். "சண்டைக் காலம். ஊர் முழுக்க ஒரே நாளிலை வெளிக்கிட்டுது. எல்லாரும் சாவகச்சேரிப் பக்கம். நான்தான் கார் ஓடினன். மாமா பக்கத்திலை. காருக்குப் பின்னாலை என்ரை சைக்கிளைக் கட்டியிருந்தம். பெற்றோல் ஏது அப்ப? மண்ணெண்ணெயிலைதான் ஓட்டம். கைதடிக்குக் கிட்டப் போகேக்கை 'டங்' எண்டு ஒரு சத்தம். கார் நிண்டிட்டுது."

இந்த இடத்தில் மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எப்போதும் இந்த இடத்தில்தான் துடைப்பார்.

"மாமா காருக்குக் கீழை பூந்தார். நான் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். 'உம்மடை சைக்கிள் செயினைக் கழட்டித் தாரும்' எண்டார். குடுத்தன். 'பெல்லையும் தாரும்' எண்டார். 'கார் பழுதாகிக் கிடக்கு, உங்களுக்கு பெல் என்னத்துக்கு?' எண்டு கேட்டன். 'தாருமப்பா' எண்டார். குடுத்தன். என்ன செய்தாரோ தெரியாது. கார் ஓடிச்சுது. 'செயினை நாளைக்குக் கழட்டித் தாறன்' எண்டார்."

அடுத்த வரியை மாமி சொல்வதற்குள் நிருஷன் சொல்லிவிடுவான்.

"அந்த 'நாளைக்கு' இன்னும் வரேல்லை!"

எல்லாரும் சிரிப்பார்கள். மாமியும் சிரிப்பார். தனுசியா மட்டும் ஒருமுறை சிரிக்காமல் கேட்டாள்.

"மாமி, பெல் என்னத்துக்கு?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை? நான் கேட்டதுக்கே அவர் சொல்லேல்லை."

"நீங்கள் சைக்கிளுக்குப் புதுச் செயின் வாங்கியிருக்கலாமே?"

மாமி விசிறியை நிறுத்தினார். "தாறன் எண்டு சொன்னவரல்லோ," என்றார்.

மாமியின் கணவர் பஞ்சலிங்கம் மாமா இப்போது இல்லை. தனுசியா பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். செயின் இல்லாத சைக்கிள் கொட்டிலின் சுவரில் தொங்கியது. அதற்குக் கீழே, பழைய படுதா ஒன்றால் மூடியபடி, அந்தக் கார் நின்றது.

அது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கார். கூரை இல்லை. மூக்கு நீளம், வால் கட்டை. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்ததாம். வெளிநாடு போன ஒரு டொக்டரிடம் மாமி வாங்கியது. மாமி படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அந்தக் கார் வாசலுக்கு வரும் சத்தம் கேட்டால், கணக்கு வீட்டுவேலை செய்யாத பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதத் தொடங்குவார்களாம்.

தனுசியா அந்தக் காரில்தான் வளர்ந்தாள் என்றே சொல்லலாம். சின்ன வயதில் அவளும் நிருஷனும் படுதாவுக்குள் புகுந்து கண்டிக்குப் போவார்கள், கொழும்புக்குப் போவார்கள், ஒருநாள் சந்திரனுக்கும் போனார்கள். ஸ்ரியரிங் எப்போதும் நிருஷனுக்குத்தான். தனுசியா இடதுபக்க ஆசனத்தில் இருப்பாள். ஆனால் அவளுக்கென்று ஒரு பிறேக் இருந்தது. காலடி விரிப்புக்குக் கீழே, இரண்டு ஆசனத்துக்கும் இடையில் நீளமாக ஓடும் நடுமேட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வீக்கம். நிருஷன் வேகமாகப் போனால் அதைக் குதிக்காலால் அழுத்துவாள். அது அசையவே அசையாது. ஆனாலும் நிருஷன் காரை நிறுத்த வேண்டும். அதுதான் சட்டம்.

இந்தக் கார்த்திகை மாதம் மாமி ஒரு முடிவுக்கு வந்தார்.

"வாகீசன்," என்று தனுசியாவின் அப்பாவைக் கூப்பிட்டார். "காரைத் திருத்தவேணும்."

"இப்பவோ அக்கா? மழைக் காலத்திலையோ?"

"எனக்கு வயது போகுது. மழைக்கு என்ன, அது வரும் போகும். அந்தச் சாவகச்சேரி றோட்டிலை நான் ஒருக்கா ஓடவேணும். இந்தமுறை அழாமல் ஓடிப் பாக்கவேணும்."

அப்பா உடனே கிறிஸ்ரோபர் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தார்.

கிறிஸ்ரோபர் அண்ணை குருநகர்க்காரர். மானிப்பாயில் கராஜ் வைத்திருந்தார். கடலில் ஓடும் எஞ்சினும் அவருக்குத் தெரியும், தரையில் ஓடும் எஞ்சினும் தெரியும். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தார். அது சுழலவில்லை.

"இறுகிப் போச்சு ரீச்சர்," என்றார். "எஞ்சினை வெளியிலை எடுத்து லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போகவேணும். உந்தக் காரிலை எஞ்சின் மட்டும் தனிய வராது. கியர்பொக்ஸும் சேர்ந்துதான் வரும்."

"ஏன் அண்ணை?" என்று தனுசியா கேட்டாள்.

"ரெண்டையும் பூட்டியிருக்கிற போல்றுக்குக் கை போகாது பிள்ளை. அவ்வளவு இறுக்கம். வெளியிலை எடுத்துப் போட்டுத்தான் பிரிக்கவேணும். புருசன் பெண்சாதி மாதிரி, ரெண்டும் சேர்ந்துதான் வரும்."

"சண்டை பிடிச்சுக்கொண்டு வருமோ?" என்றார் மாமி.

"அது இழுத்துப் பாத்தால்தான் தெரியும் ரீச்சர்."

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. காரை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிறிஸ்ரோபர் அண்ணை முன்மூடியைக் கழற்றினார். ரேடியேற்றரைக் கழற்றினார். வயர்களையும் குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியால் கட்டினார். கியர் மாற்றும் தடியையும் கழற்றி எடுத்தார். காருக்குக் கீழே படுத்து கியர்பொக்ஸைத் தாங்கும் போல்றுகளையும் கழற்றினார். கீழே முப்பது வருடச் சேறும் எண்ணெயும் சேர்ந்து கல்லாகிப் போயிருந்தது. அவர் எழும்பி வந்தபோது கண் இரண்டும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன.

நிருஷன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று இரும்புக் குழாய்களால் காருக்கு மேலே ஒரு முக்காலி நின்றது. அதன் உச்சியில் கப்பி. கப்பியின் சங்கிலியை இழுத்தால் எஞ்சின் மேலே வரும்.

"முன்பக்கம் உயரவேணும், பின்பக்கம் தாழவேணும்," என்று கிறிஸ்ரோபர் அண்ணை கையைச் சரித்துக் காட்டினார். "அப்பத்தான் கியர்பொக்ஸின்ரை வால் நழுவி வெளியிலை வரும். தனுசியா, நீ காருக்குள்ளை ஏறி இரு. கியர்த் தடி இருந்த ஓட்டைக்குள்ளாலை ரோச் அடிச்சுப் பாத்து, வால் தாழுதோ எண்டு சொல்லு. கண்ணுக்கு மட்டும்தான் வேலை. கையை உள்ளுக்கு விடக்கூடாது, சரியோ?"

"ஓம் அண்ணை."

தனுசியா தன் பழைய இடத்தில் ஏறி இருந்தாள். ஆசனம் இப்போது சின்னதாகிவிட்டது போலிருந்தது. காலை நீட்டியதும் குதிக்கால் தானாகப் போய்ப் பழைய பிறேக்கில் நின்றது. படுதா வாசனையும் பழைய தோல் வாசனையும் மூக்கில் ஏற, அவளுக்குச் சந்திரனுக்குப் போன நாள் ஞாபகம் வந்தது.

அப்பாவும் கிறிஸ்ரோபர் அண்ணையும் சங்கிலியை இழுத்தார்கள். கிறீச், கிறீச் என்று சங்கிலி இறுகியது. எஞ்சின் கொஞ்சம் எழும்பியது.

"தாழுதோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. அப்பிடியே நிக்குது."

இன்னும் இழுத்தார்கள். இப்போது எஞ்சின் எழும்பவில்லை. காரே எழும்பியது. முன் சில்லு இரண்டும் நிலத்தை விட்டு மெல்ல எழும்பின.

"கார் பறக்கப் போகுது," என்றான் நிருஷன் போனுக்குள் பார்த்தபடி.

"சும்மா இரடா," என்றார் அப்பா.

இறக்கினார்கள். மறுபடி இழுத்தார்கள். இடம் மாற்றிக் கட்டி இழுத்தார்கள். கிறிஸ்ரோபர் அண்ணை மறுபடி கீழே புகுந்து, கழற்ற வேண்டியது எல்லாம் கழற்றியாயிற்று என்று சத்தியம் செய்துகொண்டு வெளியே வந்தார். கியர்பொக்ஸின் வால் ஒரு விரற்கடையும் தாழவில்லை.

மேற்கே வானம் கறுத்தது. முற்றத்து மணல் ஏற்கெனவே ஈரம். முக்காலியின் ஒரு கால் கொஞ்சம் புதைந்துகூட விட்டது.

கிறிஸ்ரோபர் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு மாமியிடம் வந்தார்.

"ரீச்சர், துருப்பிடிச்சு எங்கையோ ஒட்டிப் போச்சு. மழை வந்தால் முக்காலி நிக்காது. நடுமேட்டை இரும்பு வெட்டுற கிரைண்டராலை அறுத்தால்தான் எடுக்கலாம்."

"அறுத்தால் பிறகு ஒட்டலாம்தானே?" என்று அப்பா கேட்டார்.

"ஒட்டலாம். ஆனால் உந்தக் காருக்கு அந்த மேடுதான் முதுகெலும்பு. வீட்டிலை வைச்சுப் பாக்கலாம். படம் எடுக்கலாம். றோட்டிலை ஓட விட எனக்கு மனம் வராது."

மாமி காரின் கதவைத் தடவிக்கொண்டு நின்றார்.

"வேறை வழி இல்லையெண்டால் அறு தம்பி," என்றார். "நான் தேத்தண்ணி போடப் போறன்."

மாமி உள்ளே போனார். எல்லாருக்கும் இப்போதுதான் தேநீர் கொடுத்திருந்தார். குடித்த கோப்பைகள் படியில் அப்படியே இருந்தன.

கிறிஸ்ரோபர் அண்ணை கிரைண்டருக்கு வயர் இழுத்தார். அதற்கு முன், சங்கிலியைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார். மனம் கேட்கவில்லை போலும்.

இதுவரை ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்த தனுசியா ரோச்சை அணைத்திருந்தாள். அப்போது அவளுடைய குதிக்காலுக்குக் கீழே பிறேக் அசைந்தது.

எத்தனை வருடம் மிதித்த பிறேக். கண்டிக்குப் போகும்போது அசையவில்லை. சந்திரனில் இறங்கும்போது அசையவில்லை. இப்போது மட்டும் ஏன் அசைகிறது?

"அண்ணை, இன்னொருக்கா இழுங்கோ," என்றாள்.

இழுத்தார். அது மறுபடி அசைந்தது. கீழிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் உள்ளே பதிந்தது. சங்கிலியைத் தளர்த்தியதும் பழையபடி மேலே வந்தது.

தனுசியா குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். அது தளத்தோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து உரித்தாள். தூசி எழும்பித் தும்மல் வந்தது. தும்மிவிட்டுப் பார்த்தாள்.

கவிழ்த்த கிண்ணம் போல் ஒன்று. துருப்பிடித்து, கொஞ்சம் நெளிந்து, நடுவில் ஒரு போல்ற் தலையோடு இருந்தது. ஓரமாக ஒரு இடத்தில் மட்டும் பழைய வெள்ளிப் பளபளப்பு மிச்சம் இருந்தது.

தனுசியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சைக்கிளிலும் இதே வடிவத்தில் ஒன்று இருந்தது. அவளுடையது ரோஸ் நிறம்.

"அப்பா," என்றாள். "அறுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"இது மாமியின்ரை பெல்."

நிருஷன் சிரித்தான். "கதையைக் கேட்டுக் கேட்டு உவளுக்கும் கதைப்பைத்தியம் பிடிச்சிட்டுது."

"நீ கடைசி வரியைத்தான் கேக்கிறனி. நான் முழுக்கக் கேக்கிறனான்," என்றாள் தனுசியா. "மாமா ரெண்டு சாமான் கேட்டவர். செயினும் பெல்லும். பெல் இஞ்சை இருந்தால் செயின் எங்கை இருக்கும்? கார் கைதடியிலை 'டங்' எண்டது கியர்பொக்ஸ் விழப் பாத்த சத்தம். மாமா அதைச் செயினாலை தூக்கிக் கட்டியிருக்கிறார். அது இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதுதான் வால் தாழுதில்லை."

கிறிஸ்ரோபர் அண்ணை கிரைண்டரைக் கீழே வைத்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார். கவிழ்ந்திருந்த பெல்லைப் பார்த்தார். நடுமேட்டின் மறுபக்கம் போய் அங்கேயும் விரிப்பைக் கிளப்பினார். அங்கே பெல்லின் அடித்தட்டு இருந்தது. அதன் நடுவிலும் ஒரு போல்ற்.

"சீற் பெல்ற் பூட்டுற ஓட்டையையே பாவிச்சிருக்கிறார்," என்றார் மெதுவாக. "தளம் மெல்லிய தகடு. போல்ற் பிய்ச்சுக்கொண்டு வராமல் இருக்க அகலமான வட்டத் தகடு ஒண்டு வேணும். நடு றோட்டிலை, மழைக்குள்ளை, அதுக்கு எங்கை போறது? அதுதான் பெல்."

எஞ்சினைப் பத்திரமாக இறக்கிவிட்டு அவர் மறுபடி காருக்குக் கீழே புகுந்தார். சேற்றுக் கட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"இஞ்சை கறுப்பாக ஒரு றபர் கிடக்கு. இதை நான் முதலே கண்டனான். பழைய குழாய் எண்டு நினைச்சிட்டன்." சுரண்டும் சத்தம் நின்றது. "சைக்கிள் ரியூபைச் சுத்தியிருக்கிறார். வெட்டிப் பாக்கிறன்." றபர் கிழியும் சத்தம் கேட்டது. "பிள்ளை, போய் மாமியைக் கூட்டிக்கொண்டு வா."

மாமி வந்தார். கையில் தேயிலைப் பேணி இருந்தது. அதைத் திறக்கவே இல்லை.

கிறிஸ்ரோபர் அண்ணை கீழே கிடந்தபடியே ரோச்சைப் பிடித்தார். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கிழிந்த ரியூபுக்குள் எண்ணெய் ஊறிய செயின் மினுங்கியது. அன்றைக்கு எப்படிக் கட்டியதோ அப்படியே கியர்பொக்ஸின் வாலைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"இப்பிடியெல்லோ கட்டி வைச்சிருக்கிறார்," என்றார் மாமி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மழையின் முதல் துளி காரின் மூக்கில் விழுந்தது.

"கழட்டட்டோ ரீச்சர்?"

"பிள்ளை கழட்டட்டும்," என்றார் மாமி.

கிறிஸ்ரோபர் அண்ணை மறுபக்கத்துப் போல்றைக் கழற்றிவிட்டுக் கீழே பெல்லின் நட்டைப் பிடித்துக்கொண்டார். தனுசியா மேலே ஸ்பானரைப் போட்டு, இரண்டு கையாலும் தொங்கினாள். முதலில் அது அசையவில்லை. பிறகு 'கிறீக்' என்றது. பிறகு சுற்றியது. கடைசிச் சுற்றில் செயின் 'சலக்' என்று சேற்றில் விழுந்தது.

அப்பா சங்கிலியை இழுத்தார். இந்த முறை நிருஷனும் போனைப் பையில் போட்டுவிட்டு ஓடிவந்து பிடித்தான். எஞ்சினின் முன்பக்கம் உயர்ந்தது. வால் தாழ்ந்தது. கூடையில் படுத்திருந்த பூனை சோம்பல் முறித்துக்கொண்டு எழும்புவது போல, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்து மெல்ல வெளியே வந்தன.

"சண்டை பிடிக்கேல்லை ரீச்சர்," என்றார் கிறிஸ்ரோபர் அண்ணை.

கிறிஸ்ரோபர் அண்ணையின் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் இரண்டையும் ஏற்றிப் படுதாவால் மூடும்போது மழை கொட்டத் தொடங்கியது. எல்லாரும் விறாந்தைக்கு ஓடினார்கள். மாமி மட்டும் மழைக்குள் நின்று, சேற்றிலிருந்து செயினைப் பொறுக்கி எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சேலை பிறகு வெளுக்கவே இல்லை.

செயினை ஒரு சட்டி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார்கள். தனுசியா பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தாள். இரண்டு நாளில் செயின் பாம்புக் குட்டி மாதிரி வளைந்து கொடுத்தது.

அடுத்த சனிக்கிழமை மாமியின் சைக்கிள் சுவரிலிருந்து இறங்கியது. புது ரயரும் ரியூபும் போட்டவன் நிருஷன். ஒருவரும் சொல்லவில்லை, தானாகத்தான் செய்தான். சீற்றையும் இரண்டு முறை துடைத்தான். செயினை மாட்டியதும் பெடலைச் சுற்றிப் பார்த்தான். பின்சில்லு 'விர்ர்' என்று ஓடியது.

"பெல் இல்லையே," என்றார் அப்பா. பழைய பெல் நெளிந்துபோய் மாமாவின் படத்துக்குக் கீழே இருந்தது. அதை எடுக்க மாமி விடவில்லை.

தனுசியா உள்ளே போனாள். தன் சைக்கிளின் ரோஸ் நிற பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்து மாமியின் சைக்கிளில் பூட்டினாள்.

"உனக்கு?" என்று மாமி கேட்டார்.

"கார் ஓடத் தொடங்கினதும் திருப்பித் தாங்கோ."

"நாளைக்குத் தாறன்," என்றார் மாமி. எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

மாமி சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினார். முதலில் சைக்கிள் ஆடியது. அப்பா பிடிக்க ஓடினார். மாமி கையைக் காட்டி அவரை விலக்கினார். பிறகு சைக்கிள் நேரானது. மூக்குக்குள் ஒன்றும் இல்லாமல் நின்ற சிவப்புக் காரைச் சுற்றி மாமி ஒருமுறை ஓடினார். இன்னொரு முறையும் ஓடினார்.

அன்று பின்னேரம் மின்சாரம் நின்றது. மாமி விசிறியை எடுத்தார்.

"அண்டைக்கு நல்ல மழை," என்று தொடங்கினார்.

நிருஷன் தரையில் வந்து கிட்ட இருந்தான். மழை வந்தது, 'டங்' என்ற சத்தம் வந்தது, குடை வந்தது, செயினும் பெல்லும் வந்தன.

"'நாளைக்குக் கழட்டித் தாறன்' எண்டார்," என்றார் மாமி.

நிருஷன் பழக்கத்தில் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். மாமியே சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமி விறாந்தையில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"தந்திட்டார்," என்றார்.